கன்னியாகுமரில பூட்டின கேட்டுக்கெல்லாம் காசு குடுத்துட்டு வந்த கதை

லீவுக்கு கன்னியாகுமரி பிளான் பண்ணி வெச்சிருக்கவங்க இதை ஒரு தடவை படிச்சிட்டு கிளம்புங்க. போன மே மாசம் நாங்க அஞ்சு பேர் போனோம், நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க, எங்கம்மா. முதல் நாள் முடியறதுக்குள்ள 10,800 ரூபா போச்சு, அதுல பார்த்தது என்னன்னு கேட்டீங்கன்னா நாலு பூட்டு. ஊர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அருமையான ஊரு. ஆனா அங்க எது எப்ப தொறக்கும் எப்ப மூடும்னு தெரியாம எறங்கினா, அது தெரிஞ்சவன் உங்களை வெச்சு நல்லா சம்பாதிப்பான், அவ்ளோதான் விஷயம்.

முதல்ல ரூம். மேப்ல தேடி கடல் பார்த்த மாதிரி பால்கனி இருக்க ஒரு லாட்ஜ் புடிச்சேன், நல்ல ரேட்டிங், அதுலயே இருந்த நம்பருக்கு கால் பண்ணா ஒருத்தர் அவ்ளோ மரியாதையா பேசினார், "சார் பால்கனில உக்காந்தே சன்ரைஸ் பாக்கலாம், சீசன் டைம், அட்வான்ஸ் போட்டாதான் பிளாக் பண்ண முடியும்"னு சொன்னார். ஜிபேல 3,500 போட்டேன். போடும்போது ஸ்கிரீன்ல லாட்ஜ் பேரு வரல, யாரோ ஒரு ஆளோட பேர் வந்துச்சு, கேட்டதுக்கு "அது எங்க அக்கவுண்டன்ட் சார்"னார். அங்கயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.

திங்கக்கிழமை விடியக்காலைல ரயில்ல எறங்கி நேரா லாட்ஜுக்கு போனா, ரிசப்ஷன்ல இருந்தவர் என் போனை வாங்கி நம்பரைப் பாத்துட்டு, "சார் இது எங்க நம்பரே இல்ல, இந்த வாரம் நீங்க மூணாவது ஆளு"ன்னு சாதாரணமா சொல்றார். மேப்ல ஒரு கடையோட போன் நம்பரை மாத்தச் சொல்லி யார் வேணா சஜஸ்ட் பண்ணலாமாம், எவனோ அப்படி மாத்தி விட்டிருக்கான், இவங்க திருத்த திருத்த அவன் திரும்ப மாத்தறானாம். நான் அந்த ஆளுக்கு போன் அடிச்சேன். கட் பண்ணிடுவான்னு நெனச்சா எடுத்து, "அய்யோ சாரி சார், டபுள் புக்கிங் ஆயிடுச்சு, ஒரு கியூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் திரும்பி வந்துரும்"னான். தூக்கக் கலக்கத்துல நான் ஸ்கேன் பண்ணவே போயிட்டேன், வீட்டுக்காரம்மா போனைப் புடுங்கிட்டாங்க. பின் போடறது நம்ம காசு வெளிய போறதுக்கும் பேலன்ஸ் பாக்கறதுக்கும் தாங்க, உள்ள வர்றதுக்கு எந்தக் காலத்துலயும் பின் கேக்காது. அவங்க இல்லேன்னா இன்னும் எவ்ளோ போயிருக்குமோ.

உடனே 1930க்கு போன் பண்ணேன், அது சைபர் கிரைம் ஹெல்ப்லைன், பணம் போன உடனே கூப்பிட்டா அந்தாளு கணக்குலயே நிறுத்தி வைக்க சான்ஸ் இருக்காம். நான் அட்வான்ஸ் போட்டது பத்து நாள் முன்னாடி, அதனால கம்ப்ளைன்ட் நம்பர் மட்டும் கையில இருக்கு, பணம் இன்னும் வரல. இந்தக் கூத்துல ஆறு மணி தாண்டிடுச்சு. கன்னியாகுமரி சூரிய உதயத்தை நாங்க ரிசப்ஷன் சுவத்துல மாட்டியிருந்த போட்டோல தான் பாத்தோம்.

அந்த நேரம் பாத்து வாசல்ல நின்ன ஒரு கார் டிரைவர், "சார் டென்ஷன் ஆவாதீங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு வந்தார். வேற லாட்ஜ் புடிச்சுக் குடுத்தார் (கமிஷன் இருக்கும், அது இப்ப முக்கியமில்ல, ரூம் சுமாரா இருந்துச்சு, ஜன்னலைத் தொறந்தா பக்கத்து லாட்ஜோட தண்ணி டேங்கு). அப்புறம் ஒரு பேக்கேஜ் சொன்னார். பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம் கோயில், விவேகானந்தர் பாறை, கண்ணாடிப் பாலம், சன்செட் பாயின்ட், எல்லாம் சேத்து 2,800, முழுசா இப்பவே குடுத்துடுங்க, டீசல் போடணும்னார். பாறைக்குப் போற போட்டுக்கு காலைலயே போயிடலாமேன்னு நான் கேட்டேன். "காலைல கூட்டம் பயங்கரம் சார், குழந்தைங்களை வெச்சிட்டு வெயில்ல நிக்க முடியாது, நாலு மணிக்கு போனா காலியா கெடக்கும்"னார். காலியா கெடக்கும்னு அவர் சொன்னது பொய்யே இல்ல, அதுதான் கொடுமை.

அரண்மனை அங்கேருந்து கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், தக்கலை பக்கம். தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் பராமரிக்கிறது கேரள அரசு, திருவிதாங்கூர் ராஜாக்களோட அரண்மனை. டிராஃபிக்ல ஊர்ந்து போய் எறங்கினா கேட்டுல பெரிய பூட்டு. எதிர்ல டீ குடிக்கப் போனா கடைக்கார அண்ணாச்சி சிரிக்காம கேக்கறார், "திங்கக்கிழமையாச்சே, அரமனை லீவுல்லா, டிரைவர் சொல்லலையா?" எல்லா திங்கக்கிழமையும் லீவாம். வருஷம் பூரா அந்த ரோட்டுல வண்டி ஓட்டற ஆளுக்கு இது தெரியாதா? கேட்டா "அடடா, இன்னைக்கு திங்களா சார்?"ங்கறார்.

அங்கேருந்து சுசீந்திரம் வரும்போது மணி ஒண்ணு ஆகப் போகுது. கோயில் நடை சாத்தியாச்சு. மத்தியானம் கோயில் சாத்துவாங்கன்னு நமக்கும் தெரியும் தான, ஆனா வண்டில உக்காந்துட்டா மூளையை டிரைவர் கிட்ட குடுத்துடறோம். அம்மா வெளிய நின்னே கோபுரத்தைப் பாத்து கும்பிட்டாங்க, இசைத் தூண் காமிக்கறேன்னு பசங்க கிட்ட சொல்லி வெச்சிருந்தேன், அது போச்சு. சாப்பாடு ஒரு இடத்துல நிறுத்தினார், அதைப் பத்தி பேசினா பதிவு நீளும், விடுங்க.

அன்னைக்கு நாங்க போன இடத்துலயே தொறந்து இருந்தது ஒண்ணே ஒண்ணுதான், சங்குக் கடை.

அங்க மட்டும் டிரைவருக்கு அவசரமே இல்ல. ஏசி, பசங்களுக்கு ஜூஸ், அம்மாவுக்கு நாற்காலி. கடைக்காரர் நேரா அம்மா கிட்ட உக்காந்துட்டார், "அம்மா இது வலம்புரி, வீட்டுல இருந்தா லட்சுமி நிப்பா, காதுல வெச்சுப் பாருங்க, ஓம்னு கேக்கும்"னு ஒரு சங்கை எடுத்துக் குடுத்தார். அம்மா காதுல வெச்சாங்க, கண்ணு கலங்கிடுச்சு. 12,000ல ஆரம்பிச்சு, நான் வேணாம்னு எழுந்திரிக்க எழுந்திரிக்க எறங்கி எறங்கி 4,500ல நின்னுச்சு. காலைலேர்ந்து எதுவும் பாக்காம அலைஞ்ச அம்மா முகத்தைப் பாத்துட்டு குடுத்துட்டேன்.

ஊருக்கு வந்தப்புறம் தான் தேடிப் படிச்சேன். ஓம் சத்தம் எந்தச் சங்குலயும் கேக்கும், ஏன் ஒரு சில்வர் டம்ளரை காதுல கவுத்தாலும் கேக்கும், சுத்தி இருக்க சத்தம் தான் உள்ள எதிரொலிக்குது. நம்ம கடல் சங்கு பெரும்பாலும் எல்லாமே இடம்புரி தான், அதே இனத்துல எதிர்ப்பக்கம் சுத்தினது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுதான் வலம்புரி. ஆனா அமெரிக்கா பக்கத்துக் கடல்ல வேற ஒரு இனம் இருக்கு, அது பொறக்கறதே அந்தப் பக்கமா சுத்தித்தான், அங்க அது சாதாரணம். அதைக் கொண்டாந்து பாலிஷ் போட்டு வலம்புரின்னு விக்கறாங்க. எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, சங்கோட வாய்க்குள்ள டார்ச் அடிச்சு நடுத்தண்டைப் பாருங்க, நெசமான சங்குன்னா அதுல மூணு நாலு வரி மடிப்பு மடிப்பா ஓடும். எங்க வீட்டுச் சங்குல அந்த வரியே இல்ல, வழுவழுன்னு இருக்கு.

இன்னொண்ணு, இந்த மாதிரி கடைங்கள்ல பவளத் துண்டு, காஞ்ச கடல்குதிரை, கடல்விசிறின்னு காமிச்சா கையால தொடாதீங்க. அதெல்லாம் 1972ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வர்றது, விக்கறவனுக்கு மட்டும் இல்ல வாங்கறவனுக்கும் கேஸ் ஆகும். என் பையன் கடல்குதிரை கீசெயின் கேட்டு அழுதான், நல்லவேளை அதுக்குள்ள என் பர்ஸ் காலி.

படகுத்துறைக்கு வந்து சேரும்போது நாலு மணி பத்து நிமிஷம். காலியாதான் கெடந்துச்சு, ஏன்னா கவுன்டர் மூடியாச்சு, பாறை, பாலம் ரெண்டும் போச்சு. படகு காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் தான், கூட்டம் ஜாஸ்தின்னா டிக்கெட்டை அதுக்கும் முன்னாடியே நிறுத்திடுவாங்க. காத்து அடிச்சாலோ கடல் உள்வாங்கினாலோ எந்த நேரத்துலயும் நிறுத்துவாங்க, அதனால தான் விவரம் தெரிஞ்சவங்க இதை முதல் வேலையா வெச்சுக்கறாங்க.

கடைசியா சன்செட் பாயின்ட். இதுல தான் எனக்கு வயிறு எரிஞ்சது. மூணு கடல் கூடற இடம், சூரியன் கடல்ல முங்கும்னு நெனச்சுட்டு போனா, சூரியன் கரைப் பக்கமா நகந்து தென்னை மரத்துக்குப் பின்னால எறங்குது. மே, ஜூன்ல சூரியன் வடக்கு தள்ளி எறங்கும்ல, அங்க கரையும் மேற்கு வடமேற்கா திரும்பிப் போகுது, அதனால அந்த மாசங்கள்ல கடல்ல மறையறதைப் பாக்கவே முடியாது. அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் போனீங்கன்னா மேகம் இல்லாட்டி நிச்சயமா கடலுக்குள்ளயே முங்கறது தெரியும். அஞ்சாவது இடத்துல பூட்டு இல்லை, சூரியன் தான் இல்லை. டிரைவர் கிட்ட சண்டை போட்டேன். "எடத்துக்கு கூட்டிட்டுப் போறேன்னு தான் சார் சொன்னேன், தொறந்திருக்கும்னு சொன்னேனா?"ன்னார். பாயின்ட் தான், என்ன பண்றது. பில் இல்ல, ரசீது இல்ல, முழுப் பணமும் காலைலயே குடுத்தாச்சு. பாதி கையில வெச்சிருந்தா அன்னைக்கு அவர் பேச்சே வேற மாதிரி இருந்திருக்கும்.

போற வழில இன்னொரு ஐடியா வேற குடுத்தார், "லெமூர் பீச் போலாம் சார், கூட்டமே இருக்காது, பசங்க ஜாலியா குளிக்கலாம்"னு. அதுக்கு மட்டும் நான் முடியவே முடியாதுன்னுட்டேன். 2024 மே மாசம் அந்த பீச்சுல தான் அஞ்சு மருத்துவ மாணவர்கள் அலைல போனாங்க, நியூஸ்ல பாத்தது ஞாபகம் இருந்துச்சு. கள்ளக்கடல்னு சொல்றாங்க, இங்க காத்து மழை எதுவும் இருக்காது, எங்கயோ தெற்கே நடுக்கடல்ல அடிச்ச காத்துல கெளம்பின அலை திடீர்னு வந்து இழுத்துட்டுப் போயிடும். காசு போனா போகட்டும், இந்த விஷயத்துல டிரைவர் பேச்சு, லாட்ஜ்காரன் பேச்சு எதையும் கேக்காதீங்க, அன்னைக்கு எச்சரிக்கை இருக்கான்னு பாத்துட்டு போலீஸோ மீனவங்களோ வேணாம்னா கால் கூட நனைக்காதீங்க.

மறுநாள் யாரையும் கூப்பிடல. விடியக்காலைல நடந்தே போய் சங்கமத்துல சூரிய உதயம் பாத்தோம், பைசா செலவில்ல. ஏழு மணிக்கெல்லாம் படகு லைன்ல நின்னோம். அங்க ஒருத்தன் வந்து "கண்ணாடிப் பாலத்துக்கு தனி பாஸ் வேணும் சார், ஆளுக்கு 200, லைன்ல நிக்க வேணாம்"னான். 2024 டிசம்பர்ல தொறந்த பாலம் அது, 77 மீட்டர், விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவுல கடல் மேல இருக்கு. படகுல பாறைக்குப் போனவங்க அப்படியே நடந்து போறதுதான், கரைல நிக்கறவன் அதுக்கு என்ன பாஸ் குடுப்பான்? படகு டிக்கெட்ல சாதா, ஸ்பெஷல்னு ரெண்டு உண்டு, ரேட் போர்டுல இருக்கும். பாறைல எறங்கினதும் அங்க ஒரு சின்ன நுழைவுக் கட்டணம். இதைத் தாண்டி எவன் கேட்டாலும் நடையைக் கட்டுங்க. முந்தின நாளா இருந்தா நான் அந்த ஆயிரத்தையும் குடுத்திருப்பேன்.

பாலத்துல நடந்தோம், கண்ணாடிக்குக் கீழ அலை அடிக்கறதைப் பாத்து சின்னவன் என் சட்டையை விடவே இல்ல. 133 அதிகாரத்துக்கு 133 அடி சிலைன்னு பெரியவன் யாரோ ஒரு பாட்டிக்கு கிளாஸ் எடுத்துட்டு இருந்தான். அந்த ரெண்டு மணி நேரத்துக்காக இன்னொரு தடவை கூட போவேன்.

சங்கு விஷயத்தை மட்டும் அம்மா கிட்ட இன்னும் சொல்லல. சாமி அலமாரில வெச்சு தினமும் அதுக்குப் பூ வெக்கறாங்க. போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவை உக்கார வெச்சு காதுல குடுத்து, "ஓம் கேக்குதா பாரு"ங்கறாங்க, அந்தக்கா என்னைப் பாக்கறாங்க, நான் எழுந்து கிச்சன் பக்கம் போயிட்டேன்.