ஐஸ் ஹாக்கிக்கு ஒன்-பீஸ் ஸ்டிக்கா, தனி ஷாஃப்ட்டும் பிளேடுமா? என் ஓட்டு ஷாஃப்ட்டுக்கு

பழைய ஸ்டிக் போய் புதுசு எடுக்கணும்னு வந்தப்போ டீம்ல கேட்ட எல்லாரும் ஒன்-பீஸ்தான் எடுக்கச் சொன்னாங்க, அதாவது கைல பிடிக்கிற தண்டும் (ஷாஃப்ட்) பக்கை, அந்த ரப்பர் வட்டை, அடிக்கிற கீழ்ப்பகுதியும் (பிளேடு) ஒண்ணாவே வர்ற ஸ்டிக். நான் கார்பன் காம்போசிட் ஷாஃப்ட் ஒண்ணு எடுத்து அதுல தனி பிளேடு மாட்டிக்கிட்டேன். அதுக்கு முன்னாடி ஒன்-பீஸ்லதான் ஆடிட்டு இருந்தேன், அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். ஆனா நான் இப்போ ஷாஃப்ட் கட்சி, நடுநிலையா எழுதுவேன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

ஒன்-பீஸுக்கு உள்ள பெருமையைச் சொல்லிடுறேன். நல்ல ஒன்-பீஸ் இப்பல்லாம் 400 கிராமைத் தொடுறதே இல்ல, கைல எடுத்த உடனே வித்தியாசம் தெரியும். தனி பிளேடு போட்டா மொத்த எடை கொஞ்சம் ஏறும், அந்த எடையும் கீழ முனைலயே உக்காந்துக்கும். இன்னொண்ணு கிக் பாயிண்ட், அதாவது ஷாட் அடிக்கும்போது ஸ்டிக் வளையிற இடம். பிளேடோட காம்பு ஷாஃப்ட்டுக்குள்ள போய் உக்காருற இடம் இரட்டை கனமாயிடுறதால அங்க வளையாது, வளைவு கொஞ்சம் மேல தள்ளிப் போயிடும். பக் வந்த வேகத்துல ஓங்காம டக்குனு ஸ்னாப் ஷாட் விடுறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். வட அமெரிக்காவோட பெரிய லீக்கான என்ஹெச்எல்ல இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லார் கைலயும் ஒன்-பீஸ்தான், அது சும்மா இல்ல. ஆனா 1990 வாக்குல ஐஸ் ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியே ஈஸ்டன் கம்பெனியோட அலுமினியம் ஷாஃப்ட்ல மர பிளேடு சொருகித்தான் ஆடினாரு, 2000-களோட தொடக்கத்துல ஈஸ்டன் சினெர்ஜிங்கிற ஒன்-பீஸ் வந்து பிடிச்சப்புறம்தான் காத்து அப்படியே ஒன்-பீஸ் பக்கம் திரும்புச்சு.

ஃப்ளெக்ஸ், அதாவது ஸ்டிக் எவ்வளவு விறைப்புன்னு சொல்ற நம்பர், அந்தக் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். உங்க எடை பவுண்டுல எவ்வளவோ அதுல பாதிகிட்ட வர்ற நம்பர்ல ஆரம்பிங்க. மேல் முனைய வெட்ட வெட்ட ஸ்டிக் விறைக்கும், 85 ஃப்ளெக்ஸ்ல ரெண்டு இன்ச் எடுத்தா 90-ஐத் தாண்டிடும், அதை முன்னாடியே கணக்குல வச்சுக்கங்க.

சரி, என்னை ஷாஃப்ட் பக்கம் சாய்ச்ச விஷயத்துக்கு வர்றேன். எது முதல்ல போகுது, பிளேடா ஷாஃப்ட்டா? இந்த ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சா போதும், மத்ததெல்லாம் அப்புறம்.

நான் ஃபார்வேர்டு, ஸ்லாப் ஷாட் (ஸ்டிக்கைப் பின்னாடி ஓங்கி விளாசுறது) அபூர்வம். என் கைல சாகுறது எப்பவுமே பிளேடுதான். முதல்ல டோ (பிளேடோட நுனி) பக்கம் ஓரம் சிதறும், ஃபேஸ்ஆஃப்ல, நடுவர் பக்கைப் போட்டு ரெண்டு பேர் மோதுறப்போ, அடுத்தவன் ஸ்டிக் வந்து மோதி மோதி ஹீல்ல (ஷாஃப்ட் பக்கத்து அடிமுனை) கீறல் விழும், டேப்புக்கு அடில ஈரம் அது வழியா உள்ள இறங்கும், கொஞ்ச நாள்ல உள்ள இருக்குற ஃபோம் தளந்து பிளேடே பொதபொதன்னு ஆயிடும். பாஸ் வாங்கும்போது டக்னு கேக்க வேண்டிய சத்தம் செத்த மாதிரி கேக்கும். ஷாஃப்ட் அப்போ கல்லு மாதிரி இருக்கும், ஆனா ஒன்-பீஸ்னா மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதுவே தனி ஷாஃப்ட்னா பிளேடை மட்டும் மாத்திட்டு அடுத்த மேட்சுக்குப் போயிடலாம். அதே நீளம், அதே ஃப்ளெக்ஸ், கைக்குப் பழகின அதே பிடி. இந்த ‘அதே’தான் எனக்குப் பெருசு. புது ஒன்-பீஸ் எடுத்தா வெட்டி, டேப் சுத்தி, கை பழகுறதுக்குள்ள சில மேட்ச் ஓடிடும்.

மாத்துறதும் பெரிய வித்தை இல்ல. ஹீட் கன்னை ஒரே இடத்துல நிறுத்தாம ஷாஃப்ட்டோட கடைசி சில இன்ச்சை நாலு பக்கமும் சுத்திச் சுத்திக் காட்டணும், உள்ள இருக்குற பசை இளகினதும் பிளேடை நேரா இழுத்தா வந்துடும். முறுக்காதீங்க, ஷாஃப்ட் வாய் பிளந்துக்கும். புது பிளேடோட காம்புல பசை தடவியே வரும், அது பளபளன்னு ஆகுற வரைக்கும் சூடு காட்டி ஒரே அழுத்தா உள்ள தள்ளி, பிதுங்கினதைத் துடைச்சுட்டு ஆற விடணும். அவசரத்துல சூட்டை ஏத்திடாதீங்க, கார்பனைப் பிடிச்சு வச்சிருக்குற ரெசினே கெட்டுப் போகும். ஆறினப்புறமும் லொடலொடன்னு ஆடினா கழட்டி இன்னும் கொஞ்சம் பசை வச்சு திரும்ப மாட்டுங்க, ஆடுற பிளேடோட ஐஸ்ல இறங்குனா ஒரு பாஸ்கூட உருப்படாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, டேப்பர்டு ஷாஃப்ட்டுக்கு டேப்பர்டு பிளேடு, ஸ்டாண்டர்டு ஷாஃப்ட்டுக்கு ஸ்டாண்டர்டு பிளேடு. ஒண்ணு இன்னொண்ணுல உக்காராது. டேப்பர்டு கீழ ஒடுங்கி வர்றதால எடையும் குறைவு, வளையிறதும் ஒன்-பீஸுக்குக் கிட்ட வரும், நான் எடுத்தது அதுதான். ஆனா கடைக்குப் போனா சுவர் பூரா ஒன்-பீஸா தொங்கும், தனி பிளேடு எங்கயோ மூலைல நாலு கிடக்கும், அதுலயும் உங்க கர்வ் (பிளேடோட வளைவு) இருக்கணும். அதனால பிடிச்ச கர்வ் கிடைச்சா ஒண்ணுக்கு ரெண்டா எடுத்து வச்சுக்கங்க.

டிஃபென்ஸ் ஆடி ஸ்லாப் ஷாட்டா விளாசுறவங்க, தினமும் ஸ்லாஷ் (எதிராளி ஸ்டிக்கால அடிக்கிறது) வாங்குறவங்க கதை வேற. அவங்களுக்கு ஷாஃப்ட்தான் நடுவுல படக்னு போகும், ஒரு சின்ன வெட்டுக்காயம் கார்பன்ல இருந்தாலே அடுத்த பலமான ஷாட்ல முறிஞ்சுடும். முறிஞ்ச ஸ்டிக்கைக் கைல வச்சுக்கிட்டு ஆடினா பெனால்டி வேற. அங்க தனி பிளேடு வச்சு என்ன லாபம், ஒன்-பீஸே எடுத்துட்டுப் போகலாம்னுதான் தோணுது. நான் அந்த ஆட்டம் ஆடுறதில்ல, அதனால அந்தப் பக்கத்து ஆளுங்க சொல்றதை என்னை விட அதிகமா நம்புங்க.

எதுக்கும் வாங்குறதுக்கு முன்னாடி உங்க பழைய உடைஞ்ச ஸ்டிக்கெல்லாம் இருந்தா எடுத்துப் பாருங்க. பிளேடு மட்டும் போயிருக்குற ஒன்-பீஸ் ஒண்ணு இருந்தா அதைத் தூக்கிப் போடாம, கீழ வெட்டி டேப்பர்டு பிளேடு உள்ள போகுதான்னு பாருங்க, குறைஞ்ச நீளத்துக்கு மேல ஒரு மர பிளக் சொருகிக்கலாம். எல்லா மாடல்லயும் உக்காராது, உக்காந்துச்சுன்னா ஷாஃப்ட் வாங்காமலே ஆடிப் பாத்துடலாம்.