850 ரூபாய் செல் கிட்: வில்லை ஜோர், சார்ட் சொதப்பல்

பெங்களூரு அல்சூரில் வீட்டு மாடியில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கிறேன். அவென்யூ ரோட்டில் ஒரு கடையில் வாங்கினது இந்த பிளாஸ்டிக் வில்லை செட். நீலம் சாதாரண செல், சிவப்பு புற்றுநோய் செல்.

சாதாரண செல் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் பிரிவதை நிறுத்தும், புற்றுநோய் செல் நிறுத்தாது. அதைக் காட்ட, தட்டில் நீல வில்லைகள் ஒன்றையொன்று தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். சிவப்பை மேலே மேலே அடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் சரிந்து மேஜையெல்லாம் சிவப்பு. "மிஸ், நீலம் சிக்னல்ல நிக்கிற வண்டி, சிவப்பு ஃபுட்பாத்ல ஏறுற பைக்" என்றாள் ஒருத்தி. டிராஃபிக்குக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷன் வழியாக வருகிற பெண், தெரியாதா என்ன!

கூட வந்த சார்ட்தான் மோசம். 'புற்றுநோய் செல்தான் மிக வேகமாகப் பிரியும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். நம் குடலின் உள்தோல் செல்களே பல கட்டிகளின் செல்களைவிட வேகமாகப் பிரியும். கீமோ என்கிற புற்றுநோய் மருந்து சிகிச்சையில் முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும், வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் அடிபடுவதால்தான். புற்றுநோய் செல்லுக்கு நிறுத்தத் தெரியாது, அதுதான் வித்தியாசம். ஆய்வகத்தில் வளர்க்கும் சாதாரண மனித செல் சுமார் 50 தடவை பிரிந்து ஓய்ந்துவிடும். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் ஆய்வகங்களில் இன்னும் பிரிந்துகொண்டிருக்கின்றன. சார்ட்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

கடைக்காரரிடம் சொன்னால், "பேப்பர்தானே மேடம், கிழிச்சுடுங்க" என்கிறார். கிழித்துவிட்டேன். வில்லைக்காக வாங்கலாம், 600-க்குப் பேரம் பேசுங்கள்.