மழத்தண்ணி தொட்டி போட்டு மூணரை வருஷம்: அந்தக் கீழ் மூடிய பத்தி மட்டும் கேக்காதீங்க

நேத்து பின்னேரம் தொட்டிக்கு பக்கத்துல நிக்கிற அழுக்குத்தண்ணி பைப்போட கீழ் மூடிய நாலாவது தடவையா மாத்தினேன், உள்ளங்கை தோல் உரிஞ்சு இன்னும் எரியுது. அதே நேரம் பார்த்து ஹட்டன் பக்கம் வட்டவளையில இருக்கிற மாமா மகன் வொய்ஸ் ஒண்ணு அனுப்புறான், "மச்சான், நீ போட்ட மாதிரி நாங்களும் தொட்டி ஒண்ணு போடலாமா, எப்பிடி நல்லதா"ன்னு. அப்ப இருந்த கோவத்துல நான் குடுத்த பதில இங்க எழுத ஏலாது. ராவு தேத்தண்ணி குடிச்சு ஆறினதுக்கு பொறகு அவனுக்கும் சேத்து தான் இத எழுதுறேன்.

நம்மது 1000 லீற்றர் கறுப்பு தொட்டி, 2022 கடைசியில போட்டது. பதுளை மாவட்டத்துல பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவுல தேயிலத் தோட்டத்து ஓரமா வீடு, தகரக் கூரை, கூரையோட ஒரு பக்கத்துக்கு மட்டும் பீலி அடிச்சு தொட்டிக்கு எடுத்திருக்கு. (கூரை ஓரத்துல ஓடுறதும் பீலி, நம்ம சனம் குளிச்சு துவைச்சு கொடம் நெறப்பி சண்டையும் போடுறதும் பீலி. மழ வந்தா வீட்டு பீலி, வராட்டி தோட்டத்து பீலின்னு அம்மா சொல்லும்.) தொட்டி நல்ல தொட்டி, அத பத்தி ஒரு கொறையும் இல்ல. வெயிலு உள்ள போகாததால பாசி புடிக்கல, மேல் வாய்க்கும் வழியிற பைப்புக்கும் கொசு வல கட்டியிருக்கேன், பீஎச்ஐ (சுகாதார பரிசோதகர்) ஐயா வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு.

பிரச்சன அந்த மூடி.

விஷயம் என்னான்னா, மழ தொடங்கின ஒடனே வர்ற தண்ணி கூரைய கழுவிக்கிட்டு வர்ற தண்ணி, அதுல அடுப்பு பொக படிஞ்ச கரி, காக்கா எச்சம், சவுக்கு எல எல்லாம் இருக்கும். அத தொட்டிக்கு விடாம ஒதுக்கத்தான் பக்கத்துல ஒரு 4 இஞ்சி பைப்ப நேரா நிக்க வச்சு, கீழ திருகி பூட்டுற மரை போட்ட மூடிய பூட்டியிருக்கு. மொத அழுக்குத் தண்ணி அதுல நெறையும், நெறஞ்சதுக்கு பொறகு வர்ற நல்ல தண்ணி மேல இருக்கிற T மாதிரி பைப் மூட்டு வழியா தொட்டிக்கு போகும். ஒரு மீற்றர் பைப்புக்கு 8 லீற்றர் மாதிரி புடிக்கும், நம்மது ஒன்றரை மீற்றர், அப்ப 12 லீற்றர். நல்ல யோசன தான், யோசன சொன்னவன கையெடுத்து கும்பிடலாம். ஆனா மழ விட்டதும் யாராவது போய் அந்த மூடிய கழட்டி தண்ணிய விட்டு திரும்ப பூட்டணும். மறந்தா அடுத்த மழையோட அழுக்கு பூரா நேரா தொட்டிக்குள்ள.

பைப் பூட்டின பாஸ் (மேசன்) அத நெலத்துல இருந்து சரியா நாலு விரல் ஒசரத்துல வச்சுட்டு போயிட்டாரு. நாலு விரல்! தண்ணி புடிக்க பேசின் ஒண்ணும் கீழ போகாது, முழுசா கையும் போகாது. காலையில ஆறு மணிக்கு, பனி கொட்டுற நேரம் குந்திக்கிட்டு, ஈர சாக்க சுத்தி புடிச்சு திருகினா அசையாது, குறடு வச்சு புடிச்சா பிளாஸ்டிக் தேயும், இன்னும் கொஞ்சம் திருகினா ஒரே அடியா கழண்டு அந்த 12 லீற்றர் கறுப்புத் தண்ணியும் சாரத்துல தான். ஒரு தரம் செத்த தவளையும் சேந்து வந்துச்சு. மண்ணு மரையில போய் இறுகிக்கிது, அதான் காரணம், நாலு மூடியும் அதுல தான் போச்சு. மூடியில குண்டூசி அளவு ஓட்ட போட்டா தானா வடியும்னு ஒருத்தர் சொன்னாரு, போட்டேன், சவுக்கு எலையோட ஒரு நார் போதும், மூணாம் நாள் அடச்சிக்கிச்சு. இப்ப பைப்ப அரை அடி வெட்டி மூடிய மேல ஏத்தியிருக்கேன், அதுக்கு இத்தன வருஷம் எடுத்ததுக்கு என்ன நானே ஏசிக்கணும். வெட்டினதுல ஒரு லீற்றர் கொறஞ்சாலும் பரவால்ல.

இதெல்லாம் கேட்டுட்டு வேணாம்னு முடிவு பண்ணிறாதீங்க, அம்மா கதைய சொல்லாம விட ஏலாது. அம்மா முப்பது வருஷம் தேயிலக் கொழுந்து எடுத்தவங்க, "கூரைத் தண்ணியில யாரு குளிப்பா"ன்னு மொத மாசம் பூரா தொட்டி பக்கமே போகல. பொறகு ஒரு நாள் பாத்தா தண்ணி மட்டம் தெரிய தொட்டிக்கு வெளிய நான் மாட்டியிருந்த கண்ணாடி டியூப்புக்கு பக்கத்துல, செவுத்துல சோக் கட்டியால கோடு போட்டிருக்கு. தண்ணி எவ்வளவு நிக்கிதுன்னு கோடு, எத்தன வாளி எடுத்ததுன்னு அஞ்சஞ்சா குறுக்கு கோடு, கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள எழுதுவாரே அப்பிடி. இப்ப நான் ஒரு வாளி கூட எடுத்தா ராவு கேள்வி வரும். தண்ணி மிச்சம் புடிக்கிறதுக்கு என்னென்னமோ வாங்கி மாட்டினேன், குளிக்கிற ரோஸ், டெப் நுனியில பூட்டுற வல, எதுவும் அந்த சோக் கட்டி அளவுக்கு வேல செய்யல, சத்தியமா.

கணக்கு லேசு. ஒரு சதுர மீற்றர் கூரையில ஒரு மில்லிமீற்றர் மழ பேஞ்சா ஒரு லீற்றர். நம்ம கூரை பக்கம் 24 அடிக்கு 12 அடி, 27 சதுர மீற்றர் மாதிரி. 10 மில்லிமீற்றர் பேஞ்சா சிந்தினது செதறினது போக 200 லீற்றர் தாராளமா வரும். ஐப்பசி மாச பின்னேரத்து இடிமழ ஒண்ணு நல்லா பேஞ்சா தொட்டி ஒரே நாள்ல நெறஞ்சு வழியும். ஆனா ஊவா பக்கம் ஆனியில இருந்து ஆவணி வர கச்சான் காத்து (தென்மேற்கு பக்கத்து காஞ்ச காத்து) தான், மழ இல்ல. கழுவ, கக்கூசுக்கு, வீட்டுத் தோட்டத்துக்குன்னு ஒரு நாளைக்கு 60 லீற்றர் எடுத்தா 1000 லீற்றர் பதினாறு நாள். அவ்வளவு தான், பொறகு பழையபடி கொடத்த தூக்கிக்கிட்டு தோட்டத்து பீலிக்கு. எங்க பதுளை மாவட்டத்துக்கு இது புது விஷயமும் இல்ல, 1990கள்லயே உலக வங்கி காசுல நடந்த தண்ணித் திட்டத்துல வீடுகளுக்கு 5000 லீற்றர் சீமெந்து தொட்டி கட்டியிருக்காங்க, அந்த 5000 சும்மா சொன்ன அளவு இல்லன்னு வெயில் காலத்துல தான் வெளங்குது. 2014 டிசம்பர்ல உமா ஓயா நீர்மின் திட்டத்து சுரங்கத்துக்குள்ள தண்ணி ஒடச்சிக்கிட்டு வந்து பண்டாரவளைய சுத்தி கெணறு வத்தின கத எல்லாருக்கும் தெரியும், மண்ணுக்கு கீழ இருக்கிறத நம்புறவங்க எங்க பக்கம் கொறவு.

வீட்டுத் தோட்டத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். போஞ்சிக்கும் லீக்சுக்கும் அடியில மானாப்புல்ல வெட்டி தடிப்பா போட்டேன், தேயில கண்ணுக்கு போடுற மாதிரியே. முந்தி தெனம் ஊத்தினது இப்ப மூணு நாளைக்கு ஒருக்கா போதும், அதுவும் பின்னேரம், செரட்டையால வேருக்கு மட்டும். காசு செலவு இல்ல, மூடியும் இல்ல.

மாமா மகனுக்கு: உங்க பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல கொட்டுற எடம், வைகாசிக்கு பொறகு தொட்டி காயவே காயாது, தையில இருந்து பங்குனி வர தான் கஷ்டம். அந்த மாசங்களுக்கு 1000 லீற்றர் பத்தாது, மழ காலத்துக்குன்னா 500 லீற்றரே தாராளம். எதுவானாலும் வழியிற தண்ணிய வீட்டுக்கு பின்னால மேட்டுல விட்டுறாத, சீமெந்து காண் வெட்டி கீழ எடுத்துட்டு போ. 2025 நவம்பர் டித்வா புயலுக்கு மல சரிஞ்சத பாத்ததுக்கு பொறகு நான் மொத செஞ்ச வேல அது தான். தொட்டி நெறஞ்சா ஒரு டொன் பாரம், கட்டாந்தரையா பாத்து கல்லு கட்டி வை.

நல்லதான்னு கேட்ட இல்ல? இல்ல, நல்லது இல்ல, மனுசன் காலையில நிம்மதியா எழும்ப ஏலாது. ரெண்டாவது தொட்டிக்கு ஹார்ட்வெயார் கடையில சொல்லி வச்சிருக்கேன், அடுத்த கிழம வருது, கூரையோட மத்த பக்கத்துக்கு. நீ வர்றப்போ ஹட்டன்ல 4 இஞ்சி மரை மூடி ரெண்டு வாங்கிட்டு வா, இங்க முடிஞ்சிருச்சாம்.