4294967297: வகுத்துப் பார்ப்பதா, வர்க்க வித்தியாசமா?

2³²+1 ஆன இந்த எண்ணை பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இந்தக் காரணிகளைக் கண்டுபிடிக்க எந்த முறை வேகமானது?

பகா எண்களால் 2, 3, 5 என வரிசையாக வகுத்தால் 116ஆவது முயற்சியில் 641 சிக்கும். இந்த எண்ணின் பகாக் காரணிகள் 64k+1 (k ஒரு முழு எண்) வடிவில்தான் வரும். அதைப் பயன்படுத்தினால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே வகுத்தல். காகிதத்திலேயே முடித்துவிடலாம்.

ஃபெர்மாவின் சொந்த முறை, உடைக்க வேண்டிய எண் N என்றால், a²−N ஒரு முழு வர்க்கமாகும் (b² என்போம்) a-யைத் தேடுவது. அப்போது N = (a−b)(a+b) என்று உடைந்துவிடும். வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுவதால் 65537-இல் தொடங்க வேண்டும். முதல் விடை 65537²−N = 131072. முழு வர்க்கம் 2, 3, 7, 8-இல் முடியாது என்பதால் மூலம் காணாமலே தள்ளிவிடலாம். ஆனால் சரியான a இரு காரணிகளின் சராசரியான 3350529. அதை எட்ட 32,84,993 படிகள்! அவர் எண்ணிடம் அவர் முறையே தோற்கிறது.

காரணிகள் நெருங்கியிருந்தால் கதை தலைகீழ். 1022117-க்கு 1011²−4 என்று முதல் படியிலேயே 1009 × 1013 கிடைக்கும். வகுத்தலுக்கு 169 பகா எண்கள் தேவை.

நிரல் எழுதுவோர் 64 பிட் மாறியையே எடுங்கள். 32 பிட்டில் 4294967297 வழிந்து வெறும் 1 ஆகிவிடும்.