செப்பேடு, நிலவறை என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள் (எனக்குப் போனது ரூ. 1,85,000)

ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டில் பங்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைப் படிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லிவிட்டு, எதையெல்லாம் சோதிக்க வேண்டும், யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். காரைக்குடிப் பக்கம் பழைய சாமான் வாங்கி விற்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பர்மாத் தேக்குக் கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் எல்லாம் அடுக்கியிருக்கும். உள்ளே ஏ.சி. போட்ட தனி அறை. வாட்ஸ்அப் குழு ஒன்றும் நடத்துகிறார்கள், அதில்தான் ஆரம்பித்தது.

குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக ஒரு படம் வந்தது. கையகலச் செம்புத் தகடு. மூன்று வரி வட்டெழுத்து (பழங்காலத் தமிழ் எழுத்து வகை), அதற்குக் கீழே ஒரு வரி தமிழ், ஓரத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய எங்கள் வீட்டு விலாசம் (முகவரி இல்லை, குடும்பத்துச் சாமான்களில் அடையாளத்துக்கு வெட்டுகிற பெயரெழுத்துகள்). ‘அண்ணே, இது உங்க வீட்டுப் பொருள். வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல’ என்று ஒரு குரல் பதிவும் கூடவே. நேரில் போனபோது கடை முதலாளி காபி வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு, பட்டுத்துணியை விரித்து அதன் மேல் வைத்தார். நானூறு வருஷத்துச் செப்பேடாம். மனையின் கன்னி மூலையில் (தென்மேற்கு மூலையில்) நிலவறை இருக்கிறதாம், போகிற வழியைத் தகடே சொல்லுமாம். தமிழ் வரியை விரல் வைத்துப் படித்தும் காட்டினார்: ‘கன்னி மூலையில் மூன்றாம் தூணை ஒட்டிக் கீழே’.

நான் சும்மா தலையாட்டிவிடவில்லை. எங்கள் வீடு 1916இல் கட்டியது, நானூறு வருஷத்துத் தகட்டுக்கு எங்கள் தூண் எப்படித் தெரியும் என்று அங்கேயே கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. ‘குறி வீட்டுக்கில்லண்ணே, மனைக்கு. பழைய வீட்டை இறக்கிட்டுத்தானே உங்க ஐயா புது வீடு எடுத்தாங்க, தூணை அதே இடத்துலதானே நிறுத்துவாங்க’ என்றார். பழைய வீட்டை இறக்கியது உண்மை. அது அவருக்கு எப்படித் தெரியும்? சாமான் எடுக்க வருகிற சாக்கில் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பேசி, யார் யாருக்குப் பங்காளி என்பது வரை பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது.

அப்பச்சியிடம் (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காட்டாமல் பணம் தரமாட்டேன் என்றேன். தாராளமாகக் கொண்டுபோங்கள் என்று தகட்டை என் கையிலேயே கொடுத்து அனுப்பினார். முன்பணம் இல்லை, கையெழுத்து இல்லை. எந்தத் திருடன் பொருளைக் கையில் கொடுத்து அனுப்புவான்? நம்பிக்கை வந்தது அங்கேதான். அப்பச்சிக்குக் கண் மங்கல். தகட்டை மடியில் வைத்துக்கொண்டு விலாசத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், திரும்பவும் தடவினார். ‘இது நம்ம வீட்டு வெட்டுதாண்டா. இந்த எழுத்தோட கால் கொஞ்சம் இடப்பக்கம் சாயும், எல்லாச் சாமான்லயும் அப்படித்தான் இருக்கும்’ என்றார். எண்பது தாண்டிய மனுஷன். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவில் போட்டதையெல்லாம் போட்டபடி விட்டுவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. முன்கூட்டியே ஒரு பங்கை ஊரில் புதைத்து வைத்தார்கள் என்ற பேச்சு வீட்டில் எப்போதும் உண்டு. இந்தப் பக்கத்தில் அந்தப் பேச்சு இல்லாத வீடு எது?

அப்பச்சியின் டெபாசிட்டை முறித்து ரூ. 1,40,000 கொடுத்தோம். ரூ. 12,000 கார்டில், மீதி ரொக்கம். வழி காட்டும் என்ற தகட்டுக்கு அதன் பிறகு மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற ஒரு மெஷினும் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு ஆள், ரூ. 45,000 அவர் நம்பருக்கு ஜிபே. ஆக மொத்தம் ரூ. 1,85,000.

மெஷின்காரர் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நாலு மூலைக்கும் நடந்தார், கன்னி மூலையில் மட்டும் கீச்சென்று கத்தியது. ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்தோம். அந்தக் கல்லைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, சாயத்தைக் கையால் ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது அது. ஒவ்வொன்றும் கை வேலை. நூறு வருஷம் பாதம் பட்டு ஏறிய மினுமினுப்பைப் புதுக் கல்லில் கொண்டுவர முடியாது. இப்போது அந்த மூலையில் குழி இருக்கிறது, குழிக்குள் சுண்ணாம்புக் காரை இருக்கிறது, செங்கல் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மண் ஈரமாக இருந்தால் சிக்னல் மாறும், வெயில் வரட்டும் என்றார். வெயில் வந்தது. பூஜை போடாமல் தோண்டினால் எப்படி என்றார். பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் இருந்தால் பொருள் நகர்ந்துவிடும், அதற்கு அவர் பொறுப்பில்லை என்றார். ரூ. 1,85,000 என் கையை விட்டு நகர்ந்ததே, அதற்கு எந்த மனஸ்தாபம் காரணம்? கடைக்குப் போனால் முதலாளி கொச்சின் போயிருக்கிறார் என்பார்கள். உள்ளே ஏ.சி. ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்கும்.

தகட்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் அடிக்கிற ஆசாரி ஒருவரிடம் போனேன். அவர் எழுத்துப் பக்கம் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு நகத்தால் சுரண்டினார். சாம்பல் வெள்ளையாக ஒரு பூச்சு உரிந்தது. ‘ஈயம். செப்பேட்டுக்கு எதுக்குங்க ஈயம் பூசப் போறாங்க? சோறாக்குற பாத்திரத்துக்கு உள்பக்கம் பூசுறது இது’ என்றார். பிறகு தகட்டைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். நடுவில் லேசான வளைவு, அதைத் தட்டி நிமிர்த்திய சுத்தியல் வடு வரிசையாக. அண்டாவின் வயிற்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அப்போதுதான் உறைத்தது: பாகம் பிரித்தபோது எங்கள் பங்காளி ஒருவர் செம்பு அண்டாக்களை எடைக்குப் போட்டது இதே கடையில். எங்கள் அப்பத்தா கல்யாணத்தில் பரப்பிய சாமான் அவை. அப்பச்சி தடவிப் பார்த்தாரே, அந்த விலாசம் நிஜம். அவர் விரல் பொய் சொல்லவில்லை. மற்ற எழுத்தெல்லாம் நேற்று வெட்டியது.

எங்கள் தெருவில் இருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தமிழ் வரியைப் பார்த்த உடனே சிரித்துவிட்டார். ‘மூலை’யில் இருக்கிற லை, ‘தூணை’யில் இருக்கிற ணை இரண்டும் இன்று நாம் எழுதுகிற மாதிரியே இருந்தன. பழைய புத்தகங்களில் இந்த இரண்டுக்கும் தலையில் ஒரு சுழி எழும்பி நிற்கும். அது போய் இன்றைய வடிவம் வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணையால். நானூறு வருஷத்துக்கு முன்னால் அதைத் தெரிந்து வைத்திருந்த ஆள் நிலவறைக்கு வழி சொல்லியிருக்கிறான்! போதாததற்கு மெய்யெழுத்துக்கெல்லாம் அழகாகப் புள்ளி வேறு. பழைய எழுத்துகளில் பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்களாம். வேள்விக்குடிச் செப்பேடு மாதிரி நிஜச் செப்பேடுகள் யாருக்கு எந்த நிலம் தானம், அதன் எல்லை எது என்று சொல்வதற்காக எழுதியவை, புதையலுக்கு வழி சொல்ல இல்லை என்றும் சொன்னார்.

இதையெல்லாம் கொண்டுபோய்க் கேட்டபோதுதான் முதலாளி வெளியே வந்தார். அதுவரை அண்ணே, இப்போது சார். ‘பில்லைப் பாருங்க சார்.’ பில்லில் ‘செம்பு அலங்காரத் தகடு 1, ரூ. 12,000, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டுமே, எங்கே என்றேன். அலங்காரப் பொருளுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்கிறார். விற்கும்போது நானூறு வருஷம், கேட்கும்போது அலங்காரப் பொருள். இதற்கு மேல் ஒரு மிரட்டல்: ‘புதையல் தோண்டினீங்கன்னு நான் சொன்னா உங்க மேலதான் கேஸ் வரும்.’ இரண்டு நாள் தூக்கம் போனது அதில். வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது செங்கல். எதைத் தெரிவிப்பது?

போலீசில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தருவது) வாங்கியிருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆலோசனை விவரமாகச் சொல்கிறேன் என்றேன், உட்கார்ந்து யோசித்து எழுதுகிற நிலையில் இல்லை. சுருக்கமாக: தகட்டைத் திருப்பிப் பின்பக்கம் ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள். லை, ணை எழுத்தைப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்த முழுத் தொகைக்கும் பில் கேளுங்கள். ஜிபேயில் போட்டு ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930க்கு (சைபர் மோசடி உதவி எண்) போன் அடியுங்கள், கடைத் தகராறுக்கு 1915 (நுகர்வோர் உதவி எண்). பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டால் விலாசத்தை அரம் போட்டு அழித்துவிட்டுப் போடுங்கள். கல்லை மட்டும் பெயர்க்காதீர்கள்.

இன்னொன்று, இது அவசரம். இன்று காலை ஒரு நண்பருக்கு அதே குரல், அதே ‘வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல’. படத்தில் வேறு தகடு, விலாசம் ‘மு’ என்று ஆரம்பிக்கிறது. அவர் தன் வீட்டுடையது இல்லை என்று சொல்லிவிட்டதால், அடுத்து சரியான வீட்டைத் தேடிப் போவார்கள். தேவகோட்டைப் பக்கத்து வீடாக இருக்கலாம் என்கிறார். உங்கள் விலாசம் ‘மு’வில் ஆரம்பித்து, சமீபத்தில் யாராவது சாமான் எடைக்குப் போட்டிருந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.