இனிப்பு சென்ட்களில் எது மயக்கும்? ஷாலிமார், ஏஞ்சல், ஹிப்னாட்டிக் பாய்சன், கேண்டி: ஓர் ஒப்பீடு

இனிப்பு வாசனை என்றதும் பலருக்கு ஐஸ்கிரீமும் பஞ்சுமிட்டாயும்தான் நினைவுக்கு வருகின்றன. "அதெல்லாம் காலேஜ் பொண்ணுங்க போடுறது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பெண்களுக்கென்று செய்த சென்ட்களில் மிகவும் மயக்கமானவை என்று பேசப்படுபவற்றில் பல, இனிப்பானவைதாம். ஆனால் எல்லா இனிப்பும் மயக்காது. பானகத்தில் சுக்கும் எலுமிச்சையும் சேராவிட்டால் அது வெறும் வெல்லத் தண்ணீர். ஒரு மடக்குக்கு மேல் இறங்காது. சென்டிலும் இனிப்பை எதிர்த்து நிற்க ஏதாவது வேண்டும். கசப்பாக இருக்கலாம், புகையாக இருக்கலாம், ஈர மண்ணாகவோ பதப்படுத்திய தோலாகவோ இருக்கலாம். எதிரே நிற்பது எது, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கவனித்தாலே ஓர் இனிப்பு சென்டைப் பற்றிப் பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே உள்ள நான்கையும் நான் அப்படித்தான் எடைபோடுகிறேன்.

ஷாலிமாரில் தொடங்குவதுதான் முறை. கெர்லான் என்ற பிரெஞ்சு சென்ட் நிறுவனத்தின் ழாக் கெர்லான் உருவாக்கியது. 1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்டது. பெயர் முகலாயர்களின் ஷாலிமார் தோட்டத்திலிருந்து வந்தது. ஷாஜஹான் மும்தாஜ் காதலைச் சொல்லித்தான் இன்றுவரை விற்கிறார்கள். நீல நிற விசிறி மூடியோடு வரும் குப்பியை வடிவமைத்தவர் அதே குடும்பத்து ரேமோன் கெர்லான். வெனிலா மணம் தரும் எத்தில் வெனிலின் என்ற செயற்கைச் சரக்கு அன்றைக்குப் புதிது. சாதாரண வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு வலுவானது. 1889 முதல் தங்கள் வீட்டில் விற்றுவந்த ஜிக்கி என்ற சென்டில் அதை ஊற்றிப் பார்த்தார் ழாக், அதிலிருந்துதான் ஷாலிமார் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள், கதையை நம்பத் தோன்றும்.

தெளித்ததும் வெனிலா வராது. முதலில் வருவது பெர்கமாட். இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் ஓர் எலுமிச்சை இனப் பழம் அது. ஏர்ல் கிரே தேநீருக்கு மணம் கொடுப்பதும் அதன் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான். புளிப்பும் கசப்புமாகக் கால் மணி நேரம் அது ஆடிவிட்டுப் போகும். கடையில் காகிதத்தில் அடித்து முகர்ந்துவிட்டு "இதிலே இனிப்பு எங்கே?" என்று கேட்டு நகர்ந்துவிடுபவர்கள் எல்லாம் இந்தக் கட்டத்தோடு நின்றவர்கள். பிறகு பதப்படுத்திய தோலும் புகையும் பிசினும் சேர்ந்த ஓர் இருட்டு மெல்ல ஏறும். அதற்கும் அடியிலிருந்து வெனிலா வரும்போது அது பலகாரக் கடை வெனிலாவாக இருக்காது. புகையில் ஊறி, கொஞ்சம் அழுக்கும் ஏறி, உடம்பின் சூடு கலந்து வரும். நாகரிகமான பெண்கள் செய்யக் கூடாதவை மூன்று, புகை பிடிப்பது, டாங்கோ ஆடுவது, ஷாலிமார் பூசுவது என்று அந்தக் காலத்துப் பிரான்ஸில் சொல்லிக்கொண்டார்களாம். மூன்று மணி நேரம் கழித்து மணிக்கட்டை முகர்ந்தால் அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று விளங்கும். இனிப்பும் எதிர்ப்பும் இவ்வளவு நிதானமாக, ஒன்றை ஒன்று அழிக்காமல் நடக்கும் வேறொரு சென்டை நான் கண்டதில்லை.

இரண்டு குறைகளைச் சொல்லியே ஆக வேண்டும். வெனிலின் நாளாக ஆகப் பழுப்பாகும் பொருள். ஷாலிமாரும் பழுப்பு நிறம்தான். வெள்ளைப் பருத்தியிலோ சந்தன நிறப் பட்டிலோ அடித்தால் கறை விழும், சலவைக்குப் போட்டாலும் முழுசாகப் போவது கடினம். இன்னொன்று, வெயில். சித்திரை மதியத்தில் பெர்கமாட் ஐந்து நிமிடத்தில் பறந்துவிடுகிறது. புகையும் வெனிலாவும் ஒரேயடியாகப் பொங்கி மூச்சை அடைக்கின்றன. இது மழை நாளுக்கும் மார்கழி மாலைக்கும் மலை ஊருக்கும் உரியது.

ஏஞ்சலுக்கு நிதானம் என்பதே கிடையாது. உடை வடிவமைப்பாளர் தியெரி முக்லேர், சிறு வயதில் பார்த்த திருவிழாத் திடலின் மணம் தன் பெயரில் வரும் சென்டில் வேண்டும் என்றார்: பஞ்சுமிட்டாய், சாக்லேட், காய்ச்சிய சர்க்கரை. ஒலிவியே கிரெஸ்ப் அதைச் செய்துகொடுத்தார், 1992-ல் வெளிவந்தது. அதுவரை மிட்டாய், பேக்கரிப் பண்டங்களுக்கு மணம் கூட்டப் பயன்பட்டுவந்த எத்தில் மால்ட்டால் என்ற சரக்கை அவர் பயமில்லாமல் அள்ளிப் போட்டார். இந்த இனிப்புக்கு எதிரே நிறுத்தியது பச்சோலி. ஈர மண்ணும் கற்பூரமும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போன்ற மணம் அதற்கு. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன காஷ்மீர் சால்வைகளுக்கு நடுவே பூச்சி அரிக்காமலிருக்கப் பச்சோலி இலையைத்தான் வைத்து அனுப்பினார்கள். அந்த மணம் அங்கே பிடித்துப்போனதும் அப்படித்தான்.

ஏஞ்சலில் இந்த இரண்டும் கடைசிவரை சமாதானம் ஆவதில்லை. பூக்களை நடுவில் வைத்துத்தான் பெண்கள் சென்ட் செய்ய வேண்டும் என்றிருந்த வழக்கத்தை அது உடைத்தது. உண்ணும் பண்டத்தின் மணத்தை நடுவில் வைத்த இன்றைய சென்ட்கள் எல்லாம் இதன் வாரிசுகள். அதற்காக நான் இதை மதிக்கிறேன். ஆனால் அணிவது? லிஃப்டில், பேருந்தில், பக்கத்து மேசைக்காரரைக் கேட்காமலே அவர் மூக்கில் ஏறிவிடும். இரண்டு தெளிப்பு கூடாது. பின்னங்கழுத்தில், கூந்தலுக்கு அடியில், ஒரே ஒரு தெளிப்பு. அதுவும் வெளியே கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு. அப்படிப் போட்டால் மறுநாள் காலையில் துப்பட்டாவில் மிஞ்சியிருக்கும் சாக்லேட்டும் மண்ணும் கலந்த மணம் மிக அழகு. நட்சத்திர வடிவக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் வசதியை இந்த நிறுவனம் தொடக்கத்திலிருந்தே பல நாடுகளில் வைத்திருக்கிறது. குப்பிக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்பதும், கண்ணாடி குப்பையில் சேராது என்பதும் நல்ல விஷயங்கள்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமானது: டியோரின் ஹிப்னாட்டிக் பாய்சன், 1998. செய்தவர் அனிக் மெனார்டோ. சிவப்புக் குப்பி. இதில் எதிர்ச் சரக்கு கசப்பு பாதாம். பேக்கரியில் பாதாம் எசன்ஸ் பாட்டிலைத் திறந்தால் குப்பென்று வருமே, அந்த மணம். தின்னத் தோன்றும், கூடவே 'தின்னாதே' என்று உள்ளே ஏதோ ஒன்று தடுக்கும். கசப்பு பாதாமில் உண்மையிலேயே சயனைடு உண்டாகும் என்பதால் அந்தத் தயக்கம் வெறும் கற்பனையும் இல்லை; சென்டில் போடும் சரக்கில் அந்த நஞ்சு கிடையாது. பாதாமுக்குப் பக்கத்தில் சீமைச் சோம்பு கொஞ்சம் காரமாகக் குத்தும். நடுவே மல்லிகை. அடியில் வெனிலாவும் கஸ்தூரியும்.

இந்த மல்லிகை சாம்பாக் இனம். மதுரை மல்லியும் இதே இனம்தான். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நம் ஊர் மல்லிகைச் சாறு பிரெஞ்சு சென்ட் நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகிறது என்பது பலருக்கும் தெரிந்த சேதி. நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கழுத்தில் ஹிப்னாட்டிக் பாய்சனைத் தெளித்துப் பாருங்கள். பூவில் இயல்பாகவே உள்ள அந்த லேசான மாமிச மணம், இந்தோல் என்ற வேதிப்பொருளால் வருவது, சென்டின் பாதாம் கசப்போடு போய்ச் சேர்ந்துகொள்ளும். பூ வாடத் தொடங்கும் இரவு நேரத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஷாலிமாரோடு மல்லிகை ஓரளவு போகும். ஏஞ்சலோடு போகவே போகாது; பூ, சர்க்கரை இரண்டுமே கெட்டுவிடும். கல்யாண வரவேற்புக்கும் மாலை விருந்துக்கும் பூ வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வெயிலையும் இது தாங்குகிறது. பெர்கமாட்டைப் போல முதலில் ஓடிப்போகும் சரக்கை நம்பி இது கட்டப்படவில்லை. பாதாம் கசப்பு நெடுநேரம் நிற்கிறது, அதனால் வியர்வை கலந்தாலும் வெனிலா பாகாக மாறுவதில்லை. ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என இரண்டு வகை கிடைக்கின்றன. செறிவு கூடியதால் ஓ டி பர்ஃபம்தான் மேல் என்று நினைத்து வாங்காதீர்கள். அதில் இனிப்பும் பூவும் கூடி, கசப்பு அடங்கிப்போகிறது. எனக்கு ஓ டி டாய்லெட்தான் சரியான ஹிப்னாட்டிக் பாய்சன்.

நான்காவது பிராடாவின் கேண்டி, 2011, டனியேலா ஆந்த்ரியே செய்தது. தொடக்கத்தில் கேரமல் கொஞ்சம் சத்தமாகவே வரும். அரை மணி பொறுங்கள். பிறகு வருவது சாம்பிராணி: ஸ்டைரக்ஸ் மரத்தின் பிசின், இயல்பிலேயே வெனிலா மணம் உடையது. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலைக் கூடையில் விரித்துப் புகை காட்டிக்கொண்ட பெண்களுக்கு இந்தப் பிசினின் இனிமை புதிதல்ல. கேண்டியில் புகை இல்லை, பிசினின் இதம் மட்டும் இருக்கிறது. அதோடு வெள்ளைக் கஸ்தூரி. எதிர்ச் சரக்கு என்று பார்த்தால் நான்கில் இதுதான் பலவீனம். ஆனால் இதன் மயக்கம் வேறு வகை: குளித்து உலர்ந்த உடம்பின் மணத்தோடு ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் வருகிறவருக்கு மட்டும் தெரியும். அலுவலகத்துக்குப் போட்டுப் போகலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை உண்டு. கஸ்தூரி வகைச் செயற்கைச் சரக்குகள் சிலவற்றைச் சிலருடைய மூக்கு உணரவே உணராது. "ஒரு மணி நேரத்தில் போய்விட்டது" என்று மேலும் மேலும் தெளிக்கும் முன், வீட்டில் யாரையாவது முகரச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஈவ் சான் லோரானின் பிளாக் ஓபியம் (2014), லாங்கோமின் லா வி எ பெல் (2012) இரண்டையும் இங்கே சேர்க்காதது ஏன் என்று கேட்பீர்கள். முதலாவதில் காப்பிக் கசப்பு அருமையான யோசனை. ஆனால் ஒரு மணி நேரத்தில் காப்பி விடைபெற்று, வெனிலா மட்டும் தனியாக நிற்கிறது. இரண்டாவதில் ஐரிஸ் வேரின் குளிர்ந்த பவுடர் மணத்தைப் பிரலீன் என்ற, சர்க்கரைப் பாகில் புரட்டிய பருப்பு இனிப்புக்கு எதிராக வைத்திருக்கிறார்கள். என் தோலில் ஒவ்வொரு முறையும் சர்க்கரைதான் ஜெயிக்கிறது. இரண்டுமே இனிமையானவை, மயக்கமானவை அல்ல.

வாங்கும் முன் காகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இனிப்பு சென்ட்களின் கதையே இரண்டாம் மணி நேரத்தில்தான் தொடங்குகிறது. ஒரு கையில் ஒன்று, மறுகையில் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். போட்டுக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் நடந்து, சாப்பிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள். மணிக்கட்டுகளைத் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். சூடேறி முதல் மணங்கள் சீக்கிரம் பறக்கும். உலர்ந்த தோலில் எந்த சென்டும் நிற்காது. மணமில்லாத லோஷனை மெல்லியதாகத் தடவிக்கொண்டு தெளித்தால் நேரம் கூடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அதன் சொந்த மணம் கேரமலோடு சேர்ந்து வேறேதோ ஆகிவிடுகிறது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நம் ஊரில் வாழும் பெண்ணுக்கு நான் சொல்வது ஹிப்னாட்டிக் பாய்சன் ஓ டி டாய்லெட். நான்கில் கலையாக உயர்ந்தது ஷாலிமார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ குளிர்காலம் கழிப்பவர்கள் யோசிக்காமல் அதை எடுக்கலாம், அங்கே அதன் புகை கம்பளிக் கோட்டுக்குள் நாள் முழுக்க உயிரோடிருக்கும். தினமும் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும், யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பவர்களுக்குக் கேண்டி. ஏஞ்சலை முதல் குப்பியாக வாங்கச் சொல்ல மாட்டேன். சின்ன சாம்பிள் வாங்கி, யாரும் இல்லாத ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்து, பச்சோலி பிடிக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு போதும்.

எதை வாங்கினாலும் குளியலறை அலமாரியிலும் ஜன்னலோர டிரெஸ்ஸிங் டேபிளிலும் வைக்காதீர்கள். பீரோவுக்குள், அட்டைப் பெட்டியோடு வையுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் முதலில் கெடுவது எலுமிச்சை வகை எண்ணெய்கள். அதனால் நான்கில் சீக்கிரம் பாதிக்கப்படுவது ஷாலிமார்தான். அதை மட்டும் இருப்பதிலேயே சின்னக் குப்பியாக வாங்குங்கள்.