11 வருடத் தவளைப் பெட்டியும் ஒட்டிப்போன நுரையும்

"அந்தத் தவளைப் பெட்டி சும்மாதானே கிடக்கிறது, பையனுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று நண்பர் கேட்டார். சரி என்றேன். ஒரு மாலையில் கழுவிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தது நான்கு சனிக்கிழமைகளைத் தின்றுவிட்டது.

45க்கு 45க்கு 60 செ.மீ. கண்ணாடிப் பெட்டி, முன்னால் இரட்டைக் கதவு, மேலே கம்பிவலை. டொராண்டோ வீட்டில் 11 வருடம் இருந்தது. உள்ளே வாழ்ந்தது ஓர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. மகள் அதற்கு வைத்த பெயர் கொழுக்கட்டை. போன மார்ச்சில் வயதாகி இறந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்வதானால், இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. கதவுக் கீல் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று வீட்டையே காயவைக்கும்போதும், தினம் இருமுறை தண்ணீர் தெளித்தால் உள்ளே ஈரம் நின்றது. கண்ணாடியில் படிந்த உப்புத் திட்டு வினிகரில் போய்விட்டது.

கோபமெல்லாம் பின்சுவர் மேல்தான். பாறை மாதிரி இருக்கட்டும் என்று சுவர் இடுக்குகளை அடைக்கும் ஸ்ப்ரே நுரையை நேராகக் கண்ணாடியில் அடித்து, மேலே கறுப்பு சிலிக்கான் பூசி, தேங்காய் நார்த்தூளை அழுத்திவிட்டிருந்தேன். அப்போது அவ்வளவு அழகு. ஆனால் இறுகிய நுரையை வீட்டில் இருக்கும் எந்தத் திரவமும் கரைக்காது. அசிட்டோன் வேலை செய்வது இறுகுவதற்கு முன்னால்தான். பிளேடால் விரல்நகம் அளவு, விரல்நகம் அளவாகச் சுரண்டினேன். மணி பிளான்ட் வேர் நுரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே புகுந்து வலை பின்னியிருந்தது. அதன் பின்னால் தேங்கிய கறுப்புத் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். இத்தனை காலம் அந்தப் பிராணியை இதன் பக்கத்திலா வைத்திருந்தோம் என்று மனம் பதைத்தது. நுரைக்குப் பதில் கார்க் மரப் பட்டையைச் சாய்த்து வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே எடுத்திருக்கலாம்.

மண்ணைக் கிளறும்போதுதான் ஒரு சந்தோஷம். தவளை போய் எட்டு மாதமாகியும், தண்ணீர் வடிய அடியில் போட்ட களிமண் உருண்டைகளுக்கு மேலே, பாதிக் கடுகு அளவில் வெள்ளை ஐசோபாடுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. பூச்சி மாதிரித் தெரியும், ஆனால் நண்டின் உறவு. தவளையின் எச்சத்தையும் உதிர்ந்த இலையையும் தின்று, 11 வருடம் சத்தமில்லாமல் பெட்டியைத் துப்புரவாக வைத்திருந்தவை இவைதான்.

மிச்ச மண்ணைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். தோட்டத்தில் கொட்டக் கூடாது. 1999இல் பெயர் சூட்டப்பட்ட கைட்ரிட் என்ற, தவளைத் தோலைத் தாக்கும் பூஞ்சை எத்தனையோ தவளை இனங்களை அழித்திருக்கிறது. பெட்டித் தண்ணீரும் மண்ணும் அதை வெளியே கொண்டுபோகலாம். அதனால்தான் பெட்டிக்கும் ப்ளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். வினிகரை முழுக்கக் கழுவிவிட்ட பிறகுதான் ப்ளீச்சைத் தொட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். அப்புறம் ஐந்தாறு முறை அலசி, மீன்தொட்டிக்கு ஊற்றும் குளோரின் நீக்கியும் விட்டேன். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணி. துளி மருந்து தங்கினாலும் அதன் உடம்புக்குள் போய்விடும்.

இடது மேல் மூலையில், கொழுக்கட்டை பகலெல்லாம் ஒட்டிக்கொண்டு தூங்கும் இடத்தில், விரல்நுனி வட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. மகளை வீடியோவில் அழைத்துக் காட்டிவிட்டுத் துடைத்தேன்.

இந்த மாதிரிப் பெட்டி வாங்கலாமா என்று இப்போது யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெட்டியில் குறை இல்லை என்று நானே எழுதியிருக்கிறேன், தெரியும். கையில் இன்னும் பிளேடு வெட்டு ஆறவில்லை. நண்பரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: பின்சுவரில் எதையும் ஒட்டாதீர்கள்.

ஐசோபாடுகளை அவருக்குக் கொடுக்கவில்லை. புதுத் தவளைக்குப் பழைய பெட்டியின் உயிர்கள் வேண்டாம். ஒரு ஜாடியில் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. இரவு வெள்ளரித் துண்டு போட்டால் காலையில் தோல் மட்டும் மிஞ்சுகிறது.